பின்பக்கத்துப் பத்து வாக்கியங்கள்

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்புள்ள என்னவருக்கு,

வணக்கம். இங்கே நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தை இந்தத் தடவை நான் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் "எனக்கென்ன குறைச்சல்" என்று எழுதுவீர்கள், அதை நான் நம்பியாக வேண்டும்.

எழுத்து ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதித் தாளை ஏன் வீணாக்குகிறாள் என்று நினைப்பீர்கள். மகள் படம் வரையும் தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீங்களே படிக்க வேண்டும். வெல்டர் அண்ணே, இது உங்கள் கையில் இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் அவரிடம் கொடுத்துவிடுங்கள். இத்தனை நாள் என் கடிதங்களைப் படித்துக் காட்டியதற்கு நன்றி. அவற்றில் நான் எழுதியிருந்த சில விஷயங்களை நீங்கள் அடியோடு மறந்துவிட்டால் பெரிய புண்ணியம்.

இப்போது உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். போடட்டும். நேற்றிலிருந்து எனக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருடமாக நான் ஒரு வேலை பார்க்கிறேன். "நான் கிரேன்ல அவ்வளவு உயரத்துல உக்காந்திருக்கறது நீ இன்னொருத்தன்கிட்டக் கைகட்டி நிக்கறதுக்கா" என்று வெளிநாட்டுக்குப் புறப்படும்போது சொன்னீர்களே, அதனால்தான் சொல்லவில்லை. யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை, சப்பணம் போட்டு வீட்டிலேயே உட்கார்ந்துதான் செய்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு இந்த இரண்டு அறையும் என்னைக் கடித்துத் தின்கின்றன. எத்தனை தடவைதான் துடைத்த தரையையே துடைப்பது?

வேலை இதுதான். டயர் கடைக்கு மேல்மாடியில் தபால்வழி ஆங்கிலப் பள்ளி இருக்கிறது அல்லவா, அங்கே எங்கெங்கோ இருக்கிறவர்கள் எழுதி அனுப்பும் விடைத்தாள்கள் வந்து குவியும். என்னைப்போல எட்டுப் பெண்கள் வாரம் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய் வீட்டில் திருத்துகிறோம். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு துளை அட்டை உண்டு. தாளின் முன்பக்கத்தில் நாற்பது காலியிடம், அட்டையில் நாற்பது ஓட்டை. அட்டையைத் தாள்மேல் வைத்தால் மற்றதெல்லாம் மறைந்து, எழுதியவர் நிரப்பிய சொல் மட்டும் ஓட்டை வழியாகத் தெரியும். ஓட்டைக்குக் கீழே சரியான விடை அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றானால் சரி, இல்லாவிட்டால் சுழி. அவ்வளவுதான்.

தாளின் பின்பக்கத்தில் பத்து வாக்கியம் சொந்தமாக எழுத வேண்டும். அதை நாங்கள் பார்க்கக் கூடாது. அது தலைமைத் திருத்துநர் அம்மாவின் வேலை. அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சிவப்பு மை. விரல், முந்தானை, சில நாள் நெற்றிகூடச் சிவப்பாக இருக்கும். "பின்பக்கம் உங்க வேலை இல்ல, திருப்பினா கட்டு கிடையாது" என்று சேர்ந்த முதல் நாளே எச்சரித்துவிட்டார்.

இப்போது உங்களுக்கு ஏதோ உறைக்க ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆமாம், போன வருடம் நான் அனுப்பிய விண்ணப்பத் தாள் செய்தித்தாளில் கத்தரித்தது இல்லை. எங்கள் ஆபீஸ் மேஜையிலிருந்து எடுத்தது. "ஸ்டோர் ரூமில் வேலை காலியாகும், ஆங்கிலச் சான்றிதழ் இருந்தால் கொடுப்பார்கள்" என்று நீங்கள் எழுதியபோது, அடடா, மனிதருக்குப் பதவி உயர்வு வரப்போகிறது என்று குதித்துக்கொண்டு அனுப்பினேன். கிரேன் ஓட்டுகிறவர் எதற்காகக் கீழே ஸ்டோர் ரூமுக்கு இறங்க ஆசைப்படுகிறார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என் மரமண்டையை என்ன சொல்ல.

கீழே வாசலில் தண்ணீர் வண்டி வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.


சனிக்கிழமை, காலை

நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர நான்கு தடவை உட்கார்ந்தேன். நான்கு தடவையும் எழுந்துவிட்டேன். குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறேன். ஜன்னலுக்குப் போகிறேன், எதிரே பஸ் டிப்போவில் பஸ் திரும்புவதைப் பார்க்கிறேன், அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். "என்னம்மா தேடற?" என்று மகள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். இல்லாததைச் சொல்லித் தப்பிக்க வேண்டியிருக்கிறது. கத்தரிக்கோலைத் தேடுவதாகச் சொன்னேன். பாவம், அவளும் சேர்ந்து தேடினாள். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது.

உங்கள் மாணவர் எண்ணை நீங்களே பெருமையாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டிலும் அந்த எண்ணைத் தேடுவேன். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எட்டுப் பேரில் எனக்கு எப்போது வரும்? கடைசிப் பாடமான ஏழாம் பாடம் வரைக்கும் வரவே இல்லை. இந்த வாரம் உங்கள் எண் இருக்கிற கட்டு எங்களில் ஒருவரான கண்ணாடி அக்காவுக்குப் போனது. அவரிடம், என் கட்டில் எல்லாம் கோழி கிளறிய கையெழுத்து, எனக்குத் தலைவலி, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நல்ல மனுஷி, ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக்கொண்டார். எதற்காக இவ்வளவு பித்தலாட்டம் என்றால், சும்மா உங்கள் கையெழுத்தைப் பார்ப்பதற்குத்தான். இரண்டு கடிதத்துக்கு நடுவே ஒரு தரம் பார்த்துக்கொள்ளலாமே என்று. இந்த வயதில் இப்படி ஒரு ஆசை, சிரிக்காதீர்கள்.

வியாழக்கிழமை மதியம் உங்கள் தாள் கைக்கு வந்தது. பார்த்தவுடன் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு சொல்கூடப் புள்ளிக்கோட்டின்மேல் உட்காரவில்லை. ஒன்று மேலே பறக்கிறது, ஒன்று கீழே தொங்குகிறது, ஒன்று பக்கத்துச் சொல்லின் தலையில் ஏறியிருக்கிறது. சமீபத்துக் கடிதங்களிலும் வரி சரிந்துகொண்டே போனதையும், "குடித்துவிட்டு எழுதினீர்களா" என்று நான் கிண்டல் செய்ததையும் நினைத்தேன். அதற்கு நீங்கள் பதிலே எழுதவில்லை.

ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஒன்று தப்பு, இரண்டாவது தப்பு, மூன்றாவது தப்பு. பேனா சுழித்துக்கொண்டே போனது. நாற்பதுக்கு ஒன்பது! இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒன்பது என்று எழுதியதும் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் ஸ்டோர் ரூம் இல்லை, ஒப்பந்தம் முடிந்ததும் மனிதர் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்தச் சுழிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. கட்டின புருஷன் தோற்றதற்குச் சிரித்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிறகுதான் அட்டையின் மூலையைப் பார்த்தேன். ஆறாம் பாடத்துக்கு மேல் மூலை வெட்டியிருக்கும், ஏழாம் பாடத்துக்குக் கீழ் மூலை. ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருக்கும், விடைதான் வேறு. உங்கள் தாளைக் கண்ட அவசரத்தில் நான் வைத்திருந்தது ஆறாம் பாடத்து அட்டை. ஒன்றரை வருடத்தில் இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

சரியான அட்டையை வைத்தேன். நாற்பதுக்கு முப்பத்தொன்று. 'ஹேஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஹேஸ்', 'டிட்' வர வேண்டிய இடத்தில் 'டிட்'. நான் திருத்துகிற கல்லூரிப் பையன்கள்கூட 'டஸ்'ஸுக்குப் பின்னால் ஒரு 'எஸ்' ஒட்டிவிட்டுப் போவார்கள். நீங்கள் ஒரு இடத்தில்கூட அந்தத் தப்பைச் செய்யவில்லை. சுழித்ததையெல்லாம் ரப்பர் போட்டுத் தேய்த்தேன். மைச் சுழி எங்கே போகும், தாள்தான் பொத்தலாகப் பார்த்தது.

அப்புறம் தாளைத் திருப்பினேன். திருப்பக் கூடாது என்று தெரியும். ஒன்பதுக்குச் சிரித்தவளுக்கு இனி என்ன ஒழுங்கு என்று ஒரு வீம்பு.


சனிக்கிழமை, சாயங்காலம்

ஆயிரக்கணக்கான தாள் பார்த்ததில் எனக்கும் கொஞ்சம் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பத்து துணைவினைகளைக் கொடுத்து, உங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நீங்கள் நிஜமாகவே உங்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் 'நான் தினமும் பால் குடிக்கிறேன்' என்றுதான் எழுதுவார்களாம்.

'வாஸ்' போட்டு: நான்கு மாதம் முன்பு வரை நான் கிரேன் ஓட்டுபவனாக இருந்தேன். 'ஆம்' போட்டு: இப்போது தொழிலாளர் தங்கும் விடுதியின் அறைகளைப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். 'கேன்' போட்டு: இடது கண்ணால் வெளிச்சத்தை மட்டும் பார்க்க முடியும். 'இஸ்' போட்டு: உடன் தங்கியிருக்கும் வெல்டர் என் மனைவியின் கடிதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். 'டஸ்' போட்டு: என் மனைவிக்குத் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்றும், இரண்டு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகவும் 'மஸ்ட்' போட்டு ஒரு வாக்கியம். செய்யாவிட்டால் வலது கண்ணும் அப்படியே ஆகும் என்பது 'வில்'. கடைசியில் 'மே'. என் மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம்.

ஏங்க, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் கண்ணையே மறைத்துவிட்டீர்கள்.

எனக்கு எழுதும் கடிதத்தில் ஏன் இதில் ஒரு வரிகூட வரவில்லை என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நம் பேச்சில் எல்லாம் வாலில்தான் இருக்கிறது. "வர" என்று தொடங்கிவிட்டுக் கொஞ்சம் இழுக்கலாம். எதிரில் இருப்பவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வரவேண்டும், வரலாம், வரமுடியாது, எது வசதியோ அதை முடிவில் ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் அதில் கெட்டிக்காரர். போனில் "அடுத்த தடவை வர..." என்று சொல்லிவிட்டு இருமுவீர்கள். ஆங்கிலத்தில் அந்தச் சௌகரியம் இல்லை போலிருக்கிறது. முடியுமா, வேண்டுமா என்பதை முன்னாடியே சொல்லிவிட்டுத்தான் வினைக்கே போக முடிகிறது. முகம் தெரியாத யாரோ படிக்கப் போகிறார்கள் என்ற தைரியமும் சேர்ந்திருக்கும். பெண்டாட்டியிடம் சொல்லாததை ஊர் பேர் தெரியாத சிவப்பு மையிடம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த அம்மாமேல் பொறாமையாகக்கூட இருந்தது.

தாளில் நீங்கள் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். எழுதி மூன்று வாரம் ஆகிவிட்டது. டாக்டர் சொன்னது அதற்கு எத்தனை நாள் முன்னாலோ. கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி சொல்வார்களே, அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மிச்சத்தைச் சொல்லவில்லை, விழுங்கிவிட்டேன்.


ஞாயிற்றுக்கிழமை

இன்று உங்கள் போன் வந்தது. வழக்கம்போல வீட்டுக்கார அம்மா கீழே வானொலியைக் குறைத்துவிட்டு, காதை எங்கள் பக்கம் வைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அரைமணி நேரமாக அதே கீரைக் கட்டு. மகள் என் இடுப்பை ஒட்டி நின்றாள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன கேட்க முடியும்? கேட்டால் நீங்கள் போனை வைத்துவிடுவீர்கள், அப்புறம் எப்போது எடுப்பீர்களோ என்றும் பயம். "மேலே காத்து எப்படி?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னிக்கு மேல ஜிலுஜிலுன்னு இருக்கு. ஊரே தெரியுது. அந்தப் பக்கம் கப்பல்கூடத் தெரியுது" என்றீர்கள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டேன். அவளிடமும் அந்தக் கப்பலைப் பற்றி விவரமாகச் சொன்னீர்கள் போலிருக்கிறது, என்ன நிறம், எத்தனை புகைபோக்கி என்று. கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு சொன்னீர்களா, கீழே வைத்துவிட்டுச் சொன்னீர்களா? எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மாடி ஏறி வந்து, பாத்திரத்தையெல்லாம் இறக்கி, கழுவியதையே திரும்பக் கழுவினேன். ஒரு மூடிகூட நசுங்கிவிட்டது.

கோபம் ஆறியதும் ஒன்று புரிந்தது. நானும் ஒன்றரை வருடம் இதே மாதிரி "சும்மாதான் இருக்கேன், பொழுது போகல" என்று சொல்லிக்கொண்டுதானே இருந்தேன். அதனால் உங்களை முழுசாகத் திட்ட எனக்கு உரிமை இல்லை. முக்கால் பங்கு உண்டு.


திங்கட்கிழமை

இன்று கட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாள். பஸ்ஸில் போகும்போது இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன், உட்கார முடியவில்லை. உங்கள் தாளை மட்டும் கட்டிலிருந்து உருவித் தனியாக வைத்திருந்தேன். ஒன்பது என்று போட்டுக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. முன்பக்கத்தை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. மொத்தம் ஐம்பதுக்கு முப்பது எடுத்தால்தான் தேர்ச்சி. பின்பக்கத்தில் பத்துக்குப் பத்து வாங்கினாலும் நீங்கள் தேற முடியாது. டயர் கடை வாசலில் நின்று இதைக் கணக்குப் போட்டேன். பொய் சொல்ல மாட்டேன், கொஞ்ச நேரம் நன்றாகவே போட்டேன்.

ஆனால் அப்படித் தோற்று நீங்கள் வந்தால், ஆயுசு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே. நீங்கள் ஒவ்வொரு தடவை "எனக்குத்தான் படிப்பு ஏறல" என்று சொல்லும்போதும் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

மாடி ஏறினேன். சிவப்பு மை முன்னால் தாளை வைத்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். கட்டு மாற்றியது, அட்டை மாறியது, பக்கம் திருப்பியது, எழுதியவர் என் வீட்டுக்காரர் என்பது. வேலை போயிற்று என்றே நினைத்தேன். மற்ற பெண்கள் அட்டையைப் பிடித்த கை பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். கண்ணாடி அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அட்டையை எடுத்து, மூலையைப் பார்த்து, முன்பக்கத்தைத் தானே ஒரு தடவை திருத்தினார். முப்பத்தொன்றுதான். பிறகு திருப்பி, பத்து வாக்கியத்தையும் படித்தார். படித்து முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். இரண்டு வாக்கியத்தில் ஏதோ திருத்தி எட்டு மதிப்பெண் போட்டார். அப்புறம் மூடியைப் பேனாவில் திருகிக்கொண்டே சொன்னார், "இலக்கணம் பெரும்பாலும் சரியா இருக்கு. மத்ததெல்லாம் தப்பு."

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் இந்த வாரத்துக் கட்டு கிடையாதாம், தண்டனை. கட்டு இல்லாவிட்டால் இந்த வாரம் என்ன செய்வேன் என்று கேட்டேன். "கண்ணாஸ்பத்திரிக்குப் போ" என்றார்.


புதன்கிழமை

நேற்றுப் போனேன். பெரிய வரிசை. எல்லோரும் ஒரு கண்ணில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் முறை வந்தபோது பெயர் பதிகிற பெண், நோயாளி எங்கே என்று கேட்டாள். வெளிநாட்டில் என்றேன். "கண்ணை அங்கயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை என்றாலும், யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதானே. டாக்டரம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தது. போனது போனதுதான், திரும்பாது என்றார். இருப்பதைக் காப்பாற்றலாம், நாள் கடத்தாமல் கூட்டிக்கொண்டு வா என்றார். அங்கே கொடுத்த சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாதாம். கேட்கிறதா? ஒரு வேளைகூட. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதிக்கு உங்கள் பெயரை எழுதி வாங்கிவிட்டேன்.

அந்தச் சீட்டை மகள் பார்த்துவிட்டாள். அப்பா பெயர் ஏன் கண்ணாஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது என்று கேட்டாள். இனிமேல் கத்தரிக்கோலைத் தேட எனக்குத் தெம்பில்லை. உட்கார வைத்துச் சொன்னேன். கண்ணைச் சொன்னேன். கிரேனில் இல்லை என்பதைச் சொன்னேன். பெருக்குகிறார் என்பதையும் சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் எழுதிய அந்தப் பத்தாவது வாக்கியம் நிஜமாகிவிடுமோ என்று.

அவள் சிரிக்கவில்லை. "அப்போ அப்பா கீழதான் இருக்காரா? ரொம்ப நாளாவா?" என்று கேட்டாள். நான்கு மாதமாக என்றேன். உடனே என் மடியில் முகத்தை வைத்து அழுதாள். கண்ணை நினைத்து அழுகிறாள் என்று தேற்றினேன். அதற்கு அவள் சொன்னதைக் கேளுங்கள். "காத்தடிச்சா ஜன்னல் ஆடும்ல, அப்பல்லாம் அப்பா அங்க மேல இருக்காரேன்னு எனக்குப் பயமா இருக்கும்மா. உன்கிட்ட சொன்னா நீயும் பயப்படுவேன்னு சொல்லல."

ஆக, மூன்று பேர் வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொன்றை ஒளித்து வைத்திருக்கிறோம். நல்ல குடும்பம். அப்பா கிரேன் ஓட்டுகிறார் என்று அவள் பள்ளியில் பீற்றிக்கொண்டதும், நோட்டு முழுக்க கிரேன் வரைந்ததும் பெருமையால் என்று நீங்களும் நானும் நினைத்தோம். அவள் வரைந்த படத்தையெல்லாம் இன்று காலை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கிரேனுக்கும் கேபினிலிருந்து தரை வரைக்கும் ஒரு ஏணி போட்டிருக்கிறாள். இதை நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

ஆகையால், மகள் பார்வையில் இறங்கிவிடுவோம் என்ற கவலையை விட்டுவிடுங்கள். நீங்கள் இறங்க வேண்டும் என்றுதான் அவள் இத்தனை நாளாக ஏணி போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. ஸ்டோர் ரூம் வேலை கிடைத்தால் கண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பீர்கள். சாமானை எடுத்துக் கொடுக்கிறவருக்கும், அதை ஏட்டில் எழுதுகிறவருக்கும் கண் வேண்டாமா? உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. கீழே இறங்கினாலும் ஏதோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்துதான் எங்களுக்கு முகம் காட்ட வேண்டும் என்று நினைத்துவிட்டீர்கள். துடைப்பம் பிடித்த கையை நான் பார்க்காதவளா? இந்த வீட்டில் அது தினமும் என் கையில்தானே இருக்கிறது. எனக்குத் தாங்க முடியாதது ஒன்றுதான். கண் மங்க மங்க, வெல்டர் அண்ணனைக் கேள்வி படிக்கச் சொல்லி, உட்கார்ந்து உங்கள் கையாலேயே நாற்பது காலியிடத்தையும் நிரப்பியிருக்கிறீர்களே, அதுதான்.

உங்கள் விடைத்தாள் இந்தக் கடிதத்துக்குப் பின்னால்தான் வந்து சேரும். அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஐம்பதுக்கு முப்பத்தொன்பது. நீங்கள் தேறிவிட்டீர்கள். முன்பக்கத்து முப்பத்தொன்று என் கட்டிலேயே இரண்டாவது அதிக மதிப்பெண். தாளில் நாலைந்து இடத்தில் தேய்த்துப் பொத்தலாகியிருக்கும், அது மட்டும் என் வேலை. சான்றிதழ் தபாலில் வரட்டும், வராமல் போகட்டும். தோற்றுத் திரும்பியவர் என்று உங்களை யாரும் சொல்ல முடியாது, நீங்கள்கூடச் சொல்லிக்கொள்ள முடியாது. தேறியவராகவே வாருங்கள்.

கடிதம் போய்ச் சேரப் பதினோரு நாள். பதில் வரப் பதினோரு நாள். அதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். அந்த அம்மா எவ்வளவு கீரை வேண்டுமானாலும் ஆயட்டும், நான் கண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இப்போதே சொல்லிவிட்டேன், கப்பல் கதை எடுபடாது.

பதில் நீளமாக வேண்டாம். விளக்கமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வரி கோணினாலும் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் எனக்குப் படிக்கத் தெரியும், ஒன்றரை வருடமாகக் கோழி கிளறிய கையெழுத்தைத்தானே படிக்கிறேன். ஒரே ஒரு தேதி மட்டும் எழுதுங்கள். பதினெட்டுக்கு முன்னால் எந்தத் தேதியாக இருந்தாலும் சரி. வெல்டர் அண்ணனை எழுதச் சொல்லாதீர்கள், உங்கள் கையால் எழுதுங்கள்.

வழியில் மாறும் இடங்களில் அவசரப்படாமல் யாரையாவது கையைப் பிடிக்கச் சொல்லி இறங்குங்கள். இங்கே வாசலில் நாங்கள் இரண்டு பேரும் உங்களுக்குக் கண் தெரியாத இடது பக்கமாக நிற்போம்.

என்றும்,
உங்கள் தாளைத் திருத்தாத
உங்கள் மனைவி